மீன் பட்டது

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்தைப் போட்டுப் பத்து மாதம் ஆகிறது. இரண்டு கையிலும் குறுக்கே ஏந்திய ஒரு கெளுத்தி. முதுகு சிலேட்டு நிறம், வயிறு வெள்ளை, எடை 41 பவுண்டு, அதாவது பதினெட்டரைக் கிலோ. அதன் தலைக்குப் பின்னால் பாதி மறைந்து, பல்லெல்லாம் தெரிய என் முகம். பின்னணியில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் ஆறு. அத்தை உடனே "இதை எந்தச் சட்டியில போட்ட?" என்று கேட்டார். மாமா பிள்ளைகள் நெருப்புப் படமாக அனுப்பித் தள்ளினார்கள். சித்தப்பா மட்டும் கால் மணி நேரம் கழித்து, "நீயா புடிச்ச?" என்றார். "ஆமா சித்தப்பா" என்று தட்டினேன். ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு அவர் போய்விட்டார். அந்த 'ஆமா'தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

சித்தப்பா அப்படிக் கேட்டதில் தப்பே இல்லை. குடமுருட்டிக் கரையில் அவர் தூண்டில் போட்ட காலமெல்லாம் பக்கத்தில் வாளியோடு நின்றவன் நான். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஈரமண்ணைக் கிளறி மண்புழு தோண்டிக் கொடுப்பது, பட்ட மீனை வாளியில் போடுவது, கெளுத்தியாக இருந்தால் முள்ளுக்குப் பயந்து ஒதுங்கிக்கொள்வது. இவ்வளவுதான் என் வேலை. அவருடைய தூண்டிலில் ஒரு மூங்கில் கழி, தங்கூசி, நெட்டித் தக்கை, முள் தவிர வேறு ஒன்றும் கிடையாது. மிச்சமெல்லாம் அவர் மணிக்கட்டில் இருந்தது. தக்கை லேசாக ஆடும்போது பேசாமல் இருப்பார். சாய்ந்து நகரும்போதும் பேசாமல் இருப்பார். முங்கும் அந்த நொடியில் சுண்டுவார். முந்தினால் இரை மட்டும் பிய்ந்து போகும், பிந்தினால் மீன் முள்ளை முழுங்கித் தொலைக்கும். நான் சுண்டியதெல்லாம் முந்தியதுதான். அவசரக்குடுக்கை என்று பட்டம் வாங்கியதோடு சரி. ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிய பிறகு ஆறு வற்றி, அங்கங்கே மடுவில் தேங்கிக் கிடக்கும் மீனைத் துண்டால் அரித்துப் பிடித்ததுண்டு. அதைப் பிடித்தேன் என்று சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. தூண்டிலில் மட்டும் என் கணக்கு சுத்தம்.

போன வருடம் அப்பா ஆறு மாதத்துக்கு, ஜேம்ஸ் ஆற்றங்கரையில் நான் இருக்கும் ரிச்மண்டுக்கு வந்திருந்தார். அவருக்கு இங்கே போக்கிடம் கிடையாது. காலையில் நடை, மதியம் யூடியூபில் பட்டிமன்றம், மாலையில் மறுபடி நடை. ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனால் மட்டும் முகம் தெளியும். ஒரு சனிக்கிழமை ஆஸ்போர்ன் படகுத்துறையில் யாரோ படகிலிருந்து இறக்கிய கெளுத்தியைப் பார்த்துவிட்டு, "இது குடமுருட்டியில குறுக்கப் படுத்தா தண்ணி நின்னுரும் போலருக்கே" என்றார். அன்றிரவே ஒரு மீன்பிடி கைடைத் தேடிப் பதிவு செய்தேன். இணையத்திலேயே இரண்டு பேருக்கும் உரிமம் எடுத்தேன். கைடுக்கு ஆறு மணி நேரத்துக்கு 450 டாலர். அப்பாவிடம் நூறு என்று சொன்னேன். அதற்கே, "நூறு டாலருக்குச் சந்தையில எத்தனை கிலோ வரும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவரே மனக்கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டார்.

எட்டு ராடு, ஒரு ஆள்

அக்டோபர் முதல் வாரம், விடியுமுன் கிளம்பினோம். கைடை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அப்பாவுக்கு அவர் 'தம்பி'. ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்தத் தம்பிக்கு. அலுமினியப் படகு. பின்பக்கம் வரிசையாக எட்டு ராடுகள், அதாவது ரீல் வைத்த தூண்டில் கழிகள், தோளோடு தோள் நிற்கும் ஆட்களைப் போல.

மீன் பிடிக்கப் போகிறோம் என்று நினைத்து ஏறியவனுக்கு முதல் ஒன்றரை மணி நேரம் வேலையே இல்லை. முதலில் இரை வேண்டும். ஒரு ஓடை வந்து ஆற்றில் கலக்கும் இடத்தில் கேப்டன் எஞ்சினை அடக்கி, தண்ணீருக்கடியில் இருப்பதைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வீச்சுவலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பைத் திருப்பி வீசினார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. அப்பா என்னிடம் மெல்ல, "ஆளு தேறுவான்" என்றார். அந்தப் பயணத்தில் அவர் கொடுத்த முதல் சான்றிதழ் அது. வலையில் கிஸ்ஸார்ட் ஷாட் என்ற வெள்ளி மீன்கள் பத்துப் பதினைந்து துள்ளின. நம் ஊர் உள்ளம் மீனுக்கு ஒன்றுவிட்ட உறவு என்று பார்த்ததுமே தெரிந்தது. அதே வயிற்று விளிம்பு, அதே செதில். அப்பா அவற்றைக் குழம்புக்கென்றே நினைத்துவிட்டார். கேப்டன் பலகையில் வைத்துச் சாய்வாக நறுக்க ஆரம்பித்ததும் கொஞ்சம் பதறினார். ரத்தம் சொட்டும் துண்டுதான் கெளுத்திக்குத் தேவை. கெளுத்திக்குச் சுவை வாயோடு நிற்பதில்லை. மீசையில், தோலில், உடம்பு பூராவும் சுவை அறியும் மொட்டுகள் இருக்கின்றன. கலங்கல் தண்ணீரில் கண்ணை நம்பாமல் உடம்பையே நாக்காக வைத்துக்கொண்டு மேய்கிற மீன்.

அப்புறம் இடம். இதில்தான் அந்த ஆளின் உண்மையான வேலை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ரிச்மண்டிலிருந்து கடல் சுமார் 100 மைல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் கடலின் ஏற்ற இறக்கம் ஊர் எல்லை வரை வந்து மூன்றடி உயர்ந்து இறங்குகிறது. தண்ணீர் ஏறும்போது ஆறு பின்னோக்கி ஓடும். கல்லணைப் பக்கம் பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு இதை நம்பவே முடியவில்லை. ஒரு இலை எதிர்த்திசையில் போவதைச் சுட்டிக்காட்டி, "ஆறு ரிவர்ஸ்ல போவுதுடா" என்று மூன்று தடவை சொன்னார். அந்த ஓட்டம் இருக்கும்போதுதான் கெளுத்தி இரை தேடும். ஓட்டம் நின்று திரும்பும் அரைமணி நேரம் ஆற்றில் மீனே இல்லாத மாதிரி இருக்கும். கேப்டன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைவிட அந்த ஓட்டத்தைத்தான் அதிகம் பார்த்தார். வளைவின் வெளிப்பக்கம், ஆழம் திடீரென்று இறங்கும் விளிம்பு ஒன்றின் மேல் நான்கு முறை போய் வந்தார். திரையில் ஏதோ தரையில் அரிசி சிந்தினாற்போல வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு அரிசிக்கும் பக்கத்தில் ஒரு நிழல். நிழலின் நீளத்தை வைத்து மீனின் அளவைச் சொல்லிவிடுகிறார். அந்த அரிசிக்கு மேலே போகாமல், ஓட்டம் வருகிற பக்கமாகத் தள்ளி நங்கூரம் போட்டு, எட்டு ராடையும் விசிறி மாதிரி விரித்து வீசி, ஹோல்டரில் சொருகினார். நான் ஒன்றையும் தொடவில்லை. காபி குடித்தேன்.

காத்திருந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. டச் கேப் பக்கம், படகிலிருந்து முப்பதடி தூரத்தில், ஆளுயரத்துக்கு மேல் நீளமான ஒரு மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பி, பக்கவாட்டில் விழுந்தது. முதுகில் எலும்புத் தகடு வரிசை. ஸ்டர்ஜன். கடலிலிருந்து இலையுதிர் காலத்தில் இந்த ஆற்றுக்கு முட்டையிட வரும் அட்லாண்டிக் ஸ்டர்ஜனை 2012-ல் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அறிவித்திருக்கிறார்கள். ஏன் துள்ளுகிறது என்று கேட்டதற்கு கேப்டன் தோளைக் குலுக்கினார். "அதுக்கு இஷ்டம்" என்று அப்பா எனக்கு மொழிபெயர்த்தார்.

கையைக் கட்டிக்கொள்

தண்ணீர் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இடதுபக்க ராடின் நுனி இரண்டு தடவை தலையாட்டியது. சித்தப்பாவின் தக்கை ஆடுவதைப் போலவே இருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் நான் எழுந்து, ராடை ஹோல்டரிலிருந்து உருவி, முப்பது வருடமாகச் சேர்த்துவைத்த சுண்டு ஒன்றைச் சுண்டினேன். ஒரு நொடி கனத்தது, பிறகு ஒன்றுமில்லை. இழுத்துப் பார்த்தால் வெறும் முள். இரைகூட இல்லை.

கேப்டன் கோபப்படவில்லை. அந்த முள்ளைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நம் ஊர் முள்ளின் நுனி மேல்நோக்கி நிற்கும். இந்த சர்க்கிள் ஹூக்கின் நுனி உள்பக்கம் வளைந்து, தன் தண்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. கையால் தடவினால் குத்தவே குத்தாது. கேப்டன் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் மீன் வாய் மாதிரி மூடி, முள்ளை அதற்குள் வைத்து மெதுவாக இழுத்தார். வழுக்கிக்கொண்டே வந்த முள், வாயின் ஓரத்துக்கு வந்ததும் தானாகத் திரும்பி அங்கே மாட்டியது. இன்னொரு தடவை வைத்து வெடுக்கென்று இழுத்தார். வெறுமனே வெளியே வந்துவிட்டது. மீன் இரையைக் கவ்விக்கொண்டு தன் வழியில் திரும்பிப் போக வேண்டும், போகிற வேகத்தில் அதுவே தன்னை மாட்டிக்கொள்ளும், ராடு தண்ணீரைத் தொடும் அளவுக்கு வளைந்து அப்படியே நிற்கும் வரை யாரும் எதையும் தொடக்கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். சும்மா இல்லை, தானே கட்டிக் காட்டினார். வருகிற எல்லாருக்கும் அவர் சொல்வதுதான் அது. கட்டிய கையை அவிழ்ப்பதற்குள் மீன் மாட்டிவிடும் என்பது அவர் கணக்கு.

நான் கட்டிக்கொண்டேன். அப்பாவிடம், "கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றாருப்பா" என்றேன்.

"யாருக்கு?" என்றார் அப்பா.

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. தாத்தா குத்தகைக்காரர். அறுவடை முடிந்து மிராசுதார் வீட்டுக் களத்தில், துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். பக்கத்தில் டவுசர் போட்டுக்கொண்டு அப்பா நின்றிருக்கிறார். அதைப் பற்றி எங்களிடம் அவர் ஒரே ஒரு முறைதான் பேசியிருக்கிறார், அதுவும் பாதியில் நிறுத்திவிட்டார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்த முப்பத்திரண்டு வருடத்தில் எந்தச் சேர்மன் முன்னாலும் அவர் கைகட்டி நின்றதில்லை என்பார் அம்மா. கோயிலில்கூட நெஞ்சுக்கு நேரே கும்பிடுவாரே தவிர, கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டார். இதையெல்லாம் கேப்டனுக்கு நான் எந்த மொழியில் சொல்வது? "அவருக்குத் தோள் வலி" என்றேன். அப்பா என் குளிர்கால ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். இரண்டு கையையும் அதன் பாக்கெட்டில் ஆழமாக விட்டுக்கொண்டார். கேப்டன் தலையாட்டினார். பாக்கெட்டும் சரிதானாம்.

இருபது நிமிடம் போனது. நடு ராடு தலையாட்டியது. கட்டிய கைக்குள் என் வலது மணிக்கட்டு துடிப்பது எனக்கே தெரிந்தது. ராடு மறுபடி ஆடியது, நின்றது, இன்னொரு தரம் ஆடியது. சித்தப்பா கரையிலிருந்தால் இப்போது சுண்டியிருப்பார், இப்போது, இந்த இப்போதில். கேப்டன் ராடைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ராடின் நுனி கீழே போனது. போய்க்கொண்டே இருந்தது. அடித்தண்டு வரை வளைந்து, நுனி தண்ணீருக்குள் முங்கி, ரீல் ஒரு சீரான குரலில் முனகத் தொடங்கியது. ஹோல்டர் கிறீச்சிட்டது. அப்போதும் கேப்டன் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணினார். "இப்ப எடு" என்றபோது மீன் மாட்டி முடித்திருந்தது. ராடில் ஒரு கை படாமலே அது நடந்து முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த பன்னிரண்டு நிமிடப் போராட்டத்தைப் பற்றி நிறைய எழுதலாம், எழுதுகிறவர்கள் நிறைய எழுதியும் இருக்கிறார்கள். கை கடுத்தது, முதுகு வலித்தது, மீன் இரண்டு தடவை படகுக்கு அடியில் புகுந்தது. அவ்வளவுதான். எப்போது சுற்ற வேண்டும், எப்போது விட வேண்டும் என்று ஒவ்வொரு வினாடிக்கும் குரல் கொடுத்தவர் கேப்டன். கைவலையில் ஏந்தி மேலே தூக்கியவரும் அவரே. முள், அவர் விரல்களில் செய்து காட்டிய அதே இடத்தில், வாயின் வலது மூலையில், நூல் பிசகாமல் மாட்டியிருந்தது.

32 அங்குலம்

எடை பார்த்தார். நீளம் 42 அங்குலம். அப்பா படம் எடுத்தார். நான் பல்லைக் காட்டினேன். கேப்டன் மீனை வாங்கி, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, செவுள் இரண்டு முறை திறந்து மூடும் வரை காத்திருந்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி விட்டுவிட்டார். வாலால் ஒரு வாளித் தண்ணீரை எங்கள் மேல் வீசிவிட்டு அது கீழே போனது. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "கை வழுக்கிருச்சா?" என்று கேட்டார்.

இல்லை, வேண்டுமென்றேதான் விட்டார் என்று விளக்கப் போய் நான் மாட்டிக்கொண்டேன். இது இந்த ஆற்று மீனே இல்லை. நீலக் கெளுத்திக்குச் சொந்த ஊர் மிசிசிப்பி, மிசௌரி, ஒஹையோ ஆறுகள். 1970-களில் தொடங்கி வர்ஜீனியாவின் மீன்வளத் துறையே, தூண்டில்காரர்களுக்கு ஒரு பெரிய மீன் வேண்டுமென்று ஜேம்ஸ், ராப்பஹானக், யார்க் ஆறுகளில் கொண்டுவந்து விட்டது. மீன் கொஞ்சம் உப்பையும் தாங்கிக்கொண்டு செசபீக் விரிகுடா வழியாகப் பக்கத்து ஆறுகளுக்கெல்லாம் போய்க் குடியேறிவிட்டது. நீல நண்டைத் தின்கிறது, ஷாட் குஞ்சுகளைத் தின்கிறது. சில இடங்களில் ஆற்றிலுள்ள மொத்த மீன் எடையில் நான்கில் மூன்று பங்கு வரை இதுதான் என்கிறார்கள். ஆகவே பிடியுங்கள், தின்னுங்கள் என்று அரசே கேட்டுக்கொள்கிறது. சின்ன மீனுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடே இல்லை. ஆனால் 32 அங்குலத்துக்கு மேற்பட்டதை ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒன்றுதான் எடுக்கலாம். அதே 32 அங்குலத்துக்கு மேற்பட்டதை இந்த ஆற்றில் பிடித்தால் தின்னவே தின்னாதீர்கள் என்கிறது சுகாதாரத் துறை. பிசிபி என்கிற பழைய ஆலை ரசாயனம் கொழுப்பில் சேர்ந்து கிடக்கிறது, வயதான மீனில் அதிகம். சிறியதைக்கூட மாதம் இரண்டு வேளைக்கு மேல் வேண்டாமாம். இந்த ஆற்றுக்கு ரசாயனம் புதிதும் இல்லை. கொஞ்சம் கீழே ஹோப்வெல்லில் கெபோன் என்ற பூச்சிமருந்தைச் செய்த ஆலை கழிவை ஆற்றில் விட்டதால், 1975 டிசம்பரில் ஆளுநர் ரிச்மண்டிலிருந்து கீழே மீன்பிடிக்கவே தடை போட்டார். அது முழுதாக நீங்கப் பதிமூன்று வருடம் ஆனது. மனிதர்கள் ஆற்றில் எதையெல்லாம் கொண்டுவந்து விட்ட எழுபதுகள் பாருங்கள்.

அப்பா பொறுமையாகக் கேட்டார். "நம்ம ஊர் ஆப்பிரிக்கக் கெளுத்தி கதைதான்" என்றார். இந்தியாவில் 2000-லேயே தடை செய்த மீன் அது. தடை இருக்கிறதே தவிர, குட்டையில் வளர்க்கிறவர்கள் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வெள்ளம் வந்தால் ஏரிக்கும் ஆற்றுக்கும் தப்பிவந்து, கெண்டைக் குஞ்சு, விரால் குஞ்சு எதையும் விட்டுவைக்காது. "அந்தச் சனியன் பட்டா கரையில தூக்கிப் போட்டுட்டுப் போவோம். இவரு தட்டிக் கொடுத்து அனுப்புறாரு."

இதைக் கேப்டனிடம் கொஞ்சம் மரியாதையாக மாற்றிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். அந்த அளவுக்கு மீன் வளர இருபது வருடம் ஆகலாம், தின்னவும் முடியாது, கொன்று என்ன செய்வது? அடுத்த வாரம் வருகிற இன்னொருவருக்கு அதே மீன் மாட்டினால் அவர் முகத்திலும் இந்தச் சிரிப்பு வரும். 2011-ல் இதே மாநிலத்தின் கெர் ஏரியில் 143 பவுண்டு நீலக் கெளுத்தி ஒன்று தூண்டிலில் பட்டது, உலக சாதனை. அதைப் போல ஒன்று இந்த ஆற்றிலும் கிடக்கிறது என்ற நினைப்பில்தான் ஆட்கள் வருகிறார்கள். வேண்டாத விருந்தாளி என்று ஆற்றைப் படித்தவர்கள் சொல்கிற மீன்தான் இவருக்குச் சோறு போடுகிறது. நான் அவரைக் குறை சொல்லத் தயாரில்லை. ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் நம்ப எனக்கும் முடியவில்லை. நண்டு பிடித்துப் பிழைக்கிற ஒருவர் அந்தப் படகில் இருந்திருந்தால் பேச்சு இவ்வளவு சுமுகமாகப் போயிருக்காது.

சின்னது ஐந்து எடுத்து வந்தோம். அத்தனையும் அப்பாவின் பாக்கெட் கைக்குப் பட்டவை, ஒவ்வொன்றும் ஐந்தாறு பவுண்டு. வீட்டுக்குப் பின்னால் செய்தித்தாள் விரித்து, கல்லுப்பும் மஞ்சளும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பை எடுத்தார். தோலை உரிக்க வேண்டும், வயிற்றுக் கொழுப்பை அரிந்து எறிய வேண்டும், தலை வேண்டாம் என்று நான் சுகாதாரத் துறையின் இணையப் பக்கத்தைப் போனில் வைத்துக்கொண்டு படிக்கப் படிக்க, கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கெளுத்திக் குழம்பில் தலையும் கொழுப்பும் இல்லையென்றால் மிச்சம் என்ன? எறிந்தார். ஆனால் ஒரு தலையை எறிவதற்கு முன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழம்பு சுமார்தான். மண்வாடை இல்லை, அதுவே ஒரு குறை என்றார்.

வெட்டிய கை

மீன் பிடிக்கப் போனவர்கள் 'பிடித்தேன்' என்று சொல்லாமல் 'பட்டது' என்று சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிக்கும். கடற்கரையில் மீன்பாடு என்பார்கள். எங்கள் பக்கமும், "இன்னிக்கு என்ன பட்டுச்சு?" என்றுதான் கேட்பார்கள். அதில் ஒரு அடக்கம் இருக்கிறது. கேப்டனின் வட்ட முள்ளுக்காகவே செய்துவைத்த வினைச்சொல் போலவும் இருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், பட்டது. சித்தப்பாவிடம் 'ஆமா' என்பதற்குப் பதில் 'பட்டது சித்தப்பா' என்று சொல்லியிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீர்ந்திருக்காது. மீன் தானாகவா பட்டது? ஓட்டத்தைக் கணக்குப் பார்த்து, வலை வீசி, அரிசி நிழலைப் படித்து, என் கையைக் கட்டிப்போட்டு ஒரு ஆள் அதைப் பட வைத்தார். 'பிடித்தேன்' என்றால் அவர் செய்ததை நான் எடுத்துக்கொள்கிறேன். 'பட்டது' என்றால் அவரே இல்லாமல் போகிறார். பணம் கொடுத்தவர் பேரில்தான் வினைச்சொல் என்றால் அதுவும் நம்மிடம் பழக்கம்தான். கொத்தனார் கட்டியதை 'வீடு கட்டினேன்' என்று கூசாமல் சொல்கிறோம். தஞ்சாவூர்க்காரனுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான் என்றுதான் பள்ளிக்கூடத்தில் எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று அந்தத் தச்சனின் பெயரும் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது.

நானும் ஒன்று வெட்டினேன். அப்பா எடுத்த படத்தில் நான் மட்டும் இல்லை. பதினெட்டரைக் கிலோவை என்னால் தனியாகத் தூக்கிப்பிடிக்க முடியவில்லை, வால்பக்கத்தைக் கேப்டன் தாங்கிக்கொண்டிருந்தார். ஆரஞ்சு நிறக் கையுறை போட்ட ஒரு கை, முழங்கை வரை. குழுவில் போடுவதற்கு முன், காரில் உட்கார்ந்தபடியே, அந்தக் கை போகும் வரைக்கும் படத்தின் வலது ஓரத்தை விரலால் தள்ளினேன். வாலில் நாலு விரற்கடையும் சேர்ந்து போனது. பக்கத்தில் சீட்பெல்ட் போட்டுக்கொண்டிருந்த அப்பா பார்த்தாரா என்று தெரியாது. அவர் அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை.

வெட்டாத படத்தை இந்த மாதம்தான் சித்தப்பாவுக்கு மட்டும் தனியாக அனுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அப்பா போனில் கூப்பிட்டார். மேட்டூர் திறந்து, குடமுருட்டியில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது. ஊருக்கு வந்த நண்பன் கையில் நான் கொடுத்தனுப்பிய வட்ட முள்ளில் பத்தை எடுத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஆற்றுக்குப் போயிருக்கிறார்கள். சித்தப்பாவுக்குக் கை நிற்கவில்லையாம். தக்கை முங்க முங்கச் சுண்டி, நாலையும் நழுவவிட்டுவிட்டு, இதெல்லாம் ஒரு முள்ளா என்று திட்டிவிட்டுப் பழைய முள்ளுக்குப் போய்விட்டார்.

"நீங்க என்னப்பா பண்ணுனீங்க?"

"நான் சும்மாதான் உக்காந்திருந்தேன். வேட்டியில பாக்கெட்டு ஏது? கையைக் கட்டிக்கிட்டேன்" என்றார். பிறகு, "ஆத்துல யாரு பாக்குறா" என்றார்.

பட்டதா என்று கேட்டேன். ஜிலேபிக் கெண்டைதான் வந்து வந்து இரையைக் கொத்திவிட்டுப் போகிறதாம், அதன் வாய்க்கு அந்த முள் பெரிது. அடுத்த தடவை யாராவது வந்தால் இதிலேயே சின்ன சைஸ் கொடுத்தனுப்பச் சொன்னார்.